திரும்பவும் துவக்கு

படிவத்தின் நாலாம் பக்கத்தில்
எல்லைக் காணிக்காரர் ஒப்பம் என்றொரு கட்டம்.
அவனுடைய வயலுக்குக் கிழக்கே வாய்க்கால்,
வடக்கே காடு,
தெற்கே கோயில் காணி.
மேற்கே நான்.

அதனால்தான் சித்திரவேல்
பதினொரு வருசம் கழித்து
என் படலையைத் திறந்தான்.
உள்ளே வரவில்லை.
நின்ற இடத்திலிருந்தே தாள்களை நீட்டினான்.
சிங்களத்தில் ஒன்று, இங்கிலீசில் ஒன்று.
தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டதாம்,
அடுத்த மாதம் வருமாம்.

பழைய ஒற்றைக்குழல் அரசுடைமை.
அது போகட்டும்,
வேறொன்று வாங்கலாம்,
அனுமதிப் புத்தகம் திரும்பக் கிடைத்தால்.

பெரியாஸ்பத்திரியில் ஏழு சன்னம் எடுத்தார்கள்.
ஐந்து வர மறுத்தன.
வாடை தொடங்கினால்
கெண்டைக்காலுக்குள் யாரோ நெல் அவிக்கிறார்கள்.

பன்றி என்று நினைத்தேன் ஐயா,
கூண்டில் நின்று சொன்னான்.
முந்தின நாள் கந்தளாய்க் குளத்துத் தண்ணிக்கு
மடையில் நின்று
இரண்டு பேரும் மண்வெட்டி ஓங்கியதை
நீதவான் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
என் கையில் டோர்ச் எரிந்தது.
பன்றி டோர்ச் அடிக்குமா என்று
ஒருவரும் கேட்கவில்லை.

பதினெட்டு மாதம் மறியல்.
இப்போது கணக்குத் தீர்ந்ததென்று
சட்டத்தரணி துரைரெத்தினத்தின் கடிதம் சொல்கிறது.
நன்னடத்தை. காலம் கடந்தமை. வாழ்வாதாரம்.
மூன்றாவது சொல் பொய்யில்லை.

போன மாசியில், வெட்டுக்கு நாலு நாள் இருக்க
யானை வந்தது.
வனவிலங்குக்காரர் தந்த வெடி நமுத்துப்போய்
பிஸ் என்று அணைந்தது.
இருட்டில் யாரோ தகரத்தை அடித்துக்கொண்டு
என் வரம்பால் ஓடினான்,
யானையின் தாயைத் தூசணத்தால் திட்டியபடி.
குரலை வைத்துத்தான் ஆள் தெரிந்தது.
அந்த நேரம்
அவனுடைய வயலுக்குள்ளும் இரண்டு நின்றன.
விடிந்து நான் போய் ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.
கால் நோகுது என்று மனைவியிடம் சொன்னேன்.

கச்சேரிக்கு ஒரே பஸ்.
அவன் முன்கதவு, நான் பின்கதவு.
வாசலில் மான்கள்.
திருகோணமலை மானுக்கு வீதி சொந்தம்,
குப்பை சொந்தம்,
துவக்கு என்ற சொல்லுக்குக் காதைக்கூட அசைக்காது.
ஒன்று வந்து அவன் பையை முகர்ந்து
கடித உறையின் மூலையைக் கடித்தது.
கலைக்கக் கை ஓங்கியவன்
ஓங்கிய கையை அப்படியே இறக்கினான்.
நான் பார்ப்பதைப் பார்த்தான்.

அப்போதுதான் கேட்டேன்.
"டோர்ச் வெளிச்சம் தெரிஞ்சதோ?"

மான் மென்றது.
கிண்ணியா பஸ் ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு போனது.

"தெரிஞ்சது" என்றான்.

உள்ளே நிஹ்மத்துல்லா கிளாக்கர்
பேனையின் மூடியைக் கழற்றித் தந்தார்.
ஒப்பத்துக்குக் கீழே ஆட்சேபனைக்கு மூன்று கோடு.
தெரிஞ்சது என்பது ஒரு கோட்டுக்குள் அடங்கும்.
தகரச் சத்தத்துக்கு மூன்றும் போதாது.

துவக்கு.
எங்கள் வாயில் அது இரும்பு.
அதுவே ஏவல்: தொடங்கு.
எதற்கு என் ஒப்பம் கேட்கிறான் இவன்?

"தமிழ்ப் படிவம் வரட்டும்" என்றேன்.
"வாசிச்சுப் போட்டு வைக்கிறன்."
கிளாக்கர் சிரித்தார்.
சித்திரவேல் சிரிக்கவில்லை,
தலையை மட்டும் ஆட்டினான்,
தண்ணி முறை சொல்லும்போது ஆட்டுவதுபோல.

திரும்பும் பஸ்ஸில் ஒரேயொரு இருக்கை.
அவன் எனக்கு விட்டான்.
நான் இருக்கவில்லை,
கால் கொதிக்கக் கொதிக்க.
கப்பல்துறையில் ஏறிய ஒருத்தி
எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு
மீன்பெட்டியை அதில் வைத்தாள்.